பூட்டிக்கிடக்கும் வளவு வீட்டை அவள் ஒருத்தியாகத் திறக்க முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் செயலி ஒன்றில் குடும்பத் தொடர்கதை எழுதுகிறார். கதாநாயகிக்கு 42 வயது. சென்னையில் 18 வருடத் தாம்பத்தியத்தை முடித்துக்கொண்டு, பத்தாவது படிக்கும் மகளோடு காரைக்குடிப் பக்கத்தில் உள்ள பிறந்த வீட்டுக்கு வருகிறாள். பல வருடமாகப் பூட்டிக்கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக ஆக்குகிறாள். 12 அத்தியாயம் நன்றாகப் போயிருக்கிறது. 13-ஆவதில் செட்டிநாட்டு வாசகர்கள் சிலர் "இதெல்லாம் எங்க ஊர்ல நடக்காதுங்க" என்று எழுதிவிட்டார்கள். "எதில் தப்பு? அந்த ஊர்ப் பெண்கள் விவாகரத்து செய்ய மாட்டார்களா?" என்று கேட்கிறார்.

செய்வார்கள். அந்த வாசகர்களுக்கு உறுத்தியது விவாகரத்து இல்லை என்று நினைக்கிறேன். உறுத்தியது சாவி. உங்கள் நாயகி பேருந்திலிருந்து இறங்குகிறாள், கைப்பையிலிருந்து சாவியை எடுக்கிறாள், திறக்கிறாள். எங்கள் ஊரில் படிக்கிறவள் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாள். அந்தச் சாவி அவளிடம் எப்படி வந்தது?

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். பிறந்தது தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 20 வருடத்துக்கு மேலாகக் குடும்ப நாவல் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக்கொடுப்பது தொழில். பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கிற கதைகள்தான் பெரும்பாலும். வழக்கறிஞர் இல்லை. கீழே சட்டம் பற்றிச் சொல்வது கதைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டது. நிஜத்தில் யாருக்காவது பங்குப் பிரச்சினை இருந்தால், பத்திரத்தை எடுத்துக்கொண்டு தெரிந்த வக்கீலிடம் போக வேண்டும். ஊர் வழக்கம் என்று நான் சொல்வதும் நான் வளர்ந்த வட்டாரத்து வழக்கம். ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும்.

நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வீடு என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு குடும்பத்தின் வீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். முகப்பு, அதைத் தாண்டினால் வானம் பார்த்த வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. அந்த வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையும் கல்யாணமான ஒரு மகனுக்கு, அவனுக்குப் பின் அவன் வழியில் வந்தவர்களுக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி. கோயில் வரி, ஊர் வரி எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். பர்மாத் தேக்கில் 100 வருடத்துக்கு முன் கட்டிய வீட்டில் இன்றைக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால், உட்கார்ந்து விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். என் அம்மா பிறந்த வீட்டில் 14. ஒருவர் சிங்கப்பூரில், மூன்று பேர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், இப்படி. பெரிய சாவி சென்னையில் இருக்கும் ஒரு மாமாவின் பீரோவில் இருக்கிறது. சாவி என்றால் முழங்கை நீளத்துக்கு இருக்கும், கைப்பையில் அடங்காது.

ஒரு மழைக்காலத்தில் இரண்டாங்கட்டு ஓடு சரிந்து, தண்ணீர் சுவரில் இறங்கிவிட்டது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெழுகிய பூச்சு. கண்ணாடி மாதிரி இருக்கும், ஊறினால் வீணாகிவிடும். வாட்ஸாப் குழுவில் படம் போட்டோம். 14 பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். பணம் வந்தது 5 பேரிடமிருந்து. "வித்துடலாமே" என்று ஒருவர், "எங்க ஐயா கட்டுன வீட்ட விக்கிறதா" என்று ஒருவர். இந்த இரண்டாமவர் பணம் அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் தார்ப்பாய் போட்டோம். அந்தத் தார்ப்பாய் மூன்று மழை கண்டது.

இப்படி ஒரு வீட்டில் விடுதி நடத்த வேண்டுமானால் உங்கள் நாயகி 14 கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினாலும், தை மாதம் முகூர்த்தம் வரும். யாராவது ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு, அறுபதாம் கல்யாணம் மாதிரிச் சாந்திக்கு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வீடு வேண்டும் என்பார்கள். பிரான்சிலிருந்து வந்த விருந்தாளியை அன்றைக்கு எங்கே அனுப்புவாள்? செட்டிநாட்டில் விடுதிகள் இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன. காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் 1999-இல் 'பங்களா' விடுதியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. புதுத் தொடக்கத்துக்கு 42-ஏ தாமதம் என்று உங்கள் நாயகி அழுகிறாளே, அந்த இடத்தில் எனக்கு இவர் நினைவுதான் வந்தது. ஆனால் கவனியுங்கள், அது குடும்பத்தின் பங்களா. பல புள்ளிகள் பங்கு வைத்திருக்கிற வளவு வீடு இல்லை. உங்கள் கதையில் விடுதி இருந்தே ஆகவேண்டும் என்றால், ஒரே கிளைக்குப் பாத்தியப்பட்ட ஒரு பங்களாவையோ, பாகம் பிரித்து முடிந்த வீட்டையோ அவளுக்குக் கொடுங்கள். பிரச்சினை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால் கதையும் கொஞ்சம் தீர்ந்துவிடும் என்பது என் சந்தேகம். அந்த 14 கையெழுத்துதான் உங்கள் நாவல்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம், இதில் உறுதியாகச் சொல்ல முடிகிற விஷயங்கள் உண்டு. தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை 25.3.1989 முதல் வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகள்களுக்கு இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மத்திய அரசின் திருத்தம் 9.9.2005 முதல். அதில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே சமயம் 20.12.2004-க்கு முன்பே பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் கலைக்காது. இப்போது உங்கள் நாயகியை வைத்துக் கணக்குப் போடுங்கள். 1989-இல் அவள் ஆறேழு வயதுக் குழந்தை, அதனால் அப்போதே உரிமைக்காரி. அவளுக்கு ஆச்சி, அதாவது அக்கா, ஒருத்தி இருந்து, அந்த ஆச்சிக்கு 1988-இல் கல்யாணம் ஆகியிருந்து, 1995-இல் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பதிந்திருந்தால்? ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் சின்னவளுக்குச் சட்டப்படி பங்கு உண்டு, பெரியவளுக்கு இல்லை. ஒரு வருடம் முந்திக் கழுத்து நீட்டியதற்கு இந்தத் தண்டனை. வில்லன் கணவனை விட இந்த ஆச்சி கதைக்கு எவ்வளவு பலம் என்று யோசியுங்கள். அவள் கெட்டவளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க நினைக்கும் வரை பெண் வாரிசு பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. மகள் அங்கே வசிக்கலாம், அதுவும் அவள் கல்யாணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருந்தால் மட்டும். 2005-இல் இந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் திருத்திய நாவல்களின் நாயகிகள் அத்தனை பேரும் அந்த ஒரே வரியில் நின்றார்கள்.

சட்டம் கொடுத்ததை ஊர் எப்படித் திரும்ப வாங்குகிறது என்பதுதான் அடுத்தது. விடுதலைப் பத்திரம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. "அண்ணன் பேருக்கு ஒரு கையெழுத்து, சும்மா ஒரு முறைக்கு" என்று கல்யாணமான கையோடு வாங்கிவிடும் வீடுகள் உண்டு. தங்கைகள் போடுகிறார்கள். அதில் ஏமாற்று எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிறந்த வீட்டு வாசல் தனக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காகவே உரிமையை விட்டுக் கொடுத்த பெண்களை எனக்குத் தெரியும். உங்கள் நாயகி 2010 வாக்கில் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறாளா? முதல் அத்தியாயத்துக்கு முன்பே நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டிய கேள்வி இது.

இனி, நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களில் கண்ணில் பட்ட சில்லறைத் தவறுகள். நாயகி கோபத்தில் அடுப்படியில் நின்று கழுத்துருவைக் கழற்றி எறிகிறாள். கழுத்துரு என்பது பெரிய பெரிய தங்க உருப்படிகளாகக் கோத்தது. கல்யாணத்தன்று கட்டுவது, பிறகு சாந்தி மாதிரி விசேஷத்துக்கு எடுப்பது. மற்ற நாளில் வங்கி லாக்கரில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு யாரும் ரசம் வைப்பதில்லை. எறிந்திருந்தால் பாத்திரம் உடைந்திருக்கும். அடுத்து, மகள் தன் பாட்டியை 'ஆச்சி' என்கிறாள். அது திருநெல்வேலி. எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா ஆயா, அப்பாவின் அம்மா அப்பத்தா, ஆச்சி என்றால் அக்கா. மற்றவர்கள் மரியாதைக்காகச் செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்பது தனி. அப்பாவை அப்பச்சி, அண்ணன் மனைவியை அண்ணமிண்டி. இளையவர்கள் இப்போது அப்பா, அண்ணி என்று மாறிவிட்டார்கள், அதனால் மகள் வாயில் 'அப்பா' வந்தால் தப்பில்லை. நாயகி வாயில் அப்பச்சி வரட்டும்.

வெள்ளைப் பணியாரத்தைக் குழிக்கல்லில் ஊற்றுகிறீர்கள். கூடாது. உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே கொள்ளும் மட்டும் உளுந்தைக் கோபுரமாக வைப்பார்கள், அதுதான் அளவு. ஊற வைத்து, வெண்ணெயாக அரைத்து, பாலும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும். ஓரம் சிவக்காமல், பூ மாதிரி மேலே வர வேண்டும். மாவு ஒரு பொட்டு நீர்த்தாலும் எண்ணெய் குடித்துவிடும். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

மாமியார் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டு மருமகள் பெயரைக் கெடுக்கும் காட்சி, சென்னையில் நடக்கலாம். ஊர் வீட்டில் நடந்ததாக நீங்கள் நினைவுகூர்வது சரிப்படாது. எங்களிடம் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில், ஒரு நல்ல நாளில், அதே வீட்டுக்குள் புது ஜோடிக்குத் தனி அறை, தனி அடுப்பு. அரிசி, பருப்பு, புளி, பாத்திரம் எல்லாம் கொடுத்துத் தனியாகச் சமைக்க வைப்பார்கள். ஒரே கூரை, பல அடுப்பு. சண்டை இல்லை என்று சொல்ல வரவில்லை. யாருக்கு எவ்வளவு வந்தது, யார் சீர் பெரிது என்று கணக்குச் சண்டை வரும். உப்புச் சண்டை வராது.

இந்த 'வேறு வைப்பது' உங்கள் கைக்குக் கிடைத்திருக்கும் சொல். புதிதாகத் தொடங்குவதற்கு அந்த ஊரிலேயே ஒரு சடங்கும் ஒரு பெயரும் இருக்கின்றன. ஆனால் அது ஜோடிக்கு. தனியாக வந்தவளுக்கு யார் வேறு வைப்பார்கள்? கணவனை இழந்தவளைக்கூட அரைப்புள்ளி என்று கணக்கில் வைக்கிறது வழக்கம். கல்யாணத்தோடு கணவனின் குலக் கோயில் கணக்குக்குப் போய்விட்ட பெண், பிரிந்து வந்தால் எந்தக் கோயில், எத்தனை புள்ளி? உங்கள் நாவலில் இந்தக் கேள்வியை ஒரு ஆண் கேட்கட்டும், கெட்ட எண்ணம் இல்லாமல், கோயில் கணக்கு நோட்டில் எழுத வேண்டுமே என்ற கவலையில்.

பெண் தனியாக வீட்டை நடத்துவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பர்மா, இலங்கை, மலேயா என்று ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனால் மூன்று வருடத்துக்குக் குறையாது. பெண்கள்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள், வீட்டுக் கணக்கைப் பார்த்தார்கள், தங்கள் சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டுத் தனிச் சிட்டையில் எழுதிவைத்தார்கள். அப்பத்தா மூன்று வருடம் தனியாகப் படுத்த அதே அறையில்தான் உங்கள் நாயகியும் படுக்கப் போகிறாள். அப்பத்தாவுக்கு ரங்கூனிலிருந்து கடிதம் வரும். இவளுக்கு வராது. தெரு இருவரையும் ஒரே மாதிரி பார்க்காது. நீங்கள் நாயகியைக் 'குடும்பத்திலேயே முதன்முதலாகத் தனித்து நின்ற பெண்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

பெங்களூர்க் கட்டடக் கலைஞர் பற்றியும் சொல்ல வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லைப் பார்த்து வியந்துகொண்டு உள்ளே வருகிறாரே, அவர். மனைவியை இழந்தவர், லேசாக நரைத்த தாடி. நான் படித்த கைப்பிரதிகளில் இவரை ஏழெட்டு முறை சந்தித்திருக்கிறேன். வாசகிகளுக்கு அவர் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வேண்டும் என்று கடிதம் எழுதுபவர்களும் உண்டு, 'மறுபடியும் ஒருத்தனா' என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. என் சொந்த விருப்பம், அவர் 30-ஆவது அத்தியாயம் வரை ரயிலேறாமல் இருக்கட்டும். அதற்குள் அவள் தன் அண்ணமிண்டியோடு பேசி முடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. எதிரில் நிற்க வேண்டியவள் அண்ணமிண்டிதான். அவளும் இன்னொரு வீட்டிலிருந்து வந்தவள், அவளும் தன் பிறந்த வீட்டில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவளாக இருக்கலாம்.

ஒன்று விட்டுவிட்டேன். செட்டிநாடு என்றால் ஆச்சிகள் மட்டும் இல்லை. பூட்டிய வீடுகளை வெள்ளிக்கிழமைதோறும் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டுப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். முன்கட்டு விளக்கு எந்தச் சுவிட்சில் எரியும் என்று பங்காளிகளை விட அவர்களுக்குத்தான் தெரியும். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கண்ணாடித் தட்டின் மேல் சாயத்தை ஊற்றிப் பூப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் உறவு முறிகிறது, புதிதாகத் தொடங்குகிறார்கள், லாக்கரோ வளவோ இல்லாமல். உங்கள் கதையில் வீட்டைப் பெருக்குகிறவளுக்குப் பெயர்கூட இல்லை. அவளுக்குப் பெயர் வையுங்கள். முடிந்தால் ஒரு சாவியும் அவளிடம் இருக்கட்டும், பின்கட்டுச் சாவி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். கலைத்த வீடுகளின் தூண், நிலை, பீங்கான், எனாமல், எல்லாம் அங்கே வந்து சேரும். ஒருமுறை அங்கே ஒரு பித்தளைத் தூக்கைக் கையில் எடுத்தேன். அடியில் விலாசம் வெட்டியிருந்தது. விலாசம் என்றால் எங்களுக்குத் தலைப்பெழுத்து வரிசை, அதைப் பார்த்தால் எந்த வீடு என்று சொல்லிவிடலாம். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் அவள் பிறந்த வீட்டு விலாசத்தை வெட்டுவார்கள். புருஷன் வீட்டுக்குப் போய் 50 வருடம் ஆனாலும் பாத்திரம் அப்பச்சி பெயரைத்தான் சொல்லும். அந்தத் தூக்கின் விலாசம் எனக்குத் தெரிந்த வீடு. அந்த ஆச்சி என் அம்மாவோடு பள்ளிக்கூடம் போனவர். விலை கேட்டேன், கடைக்காரர் சொன்னார், வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் வாங்கவில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் 13-ஆவது அத்தியாயத்துக்கு வருகிறேன். அழிக்க வேண்டாம். வீட்டைத் திறக்கட்டும், ஆனால் முழு வீட்டையும் இல்லை. பின்கட்டு வழியாக வந்து அவள் அப்பச்சியின் அறையை மட்டும் திறக்கட்டும், அதற்கு மட்டும் யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது. உள்ளே அம்மாவின் சீர்ச் சாமான், விலாசத்தோடு. பிள்ளையார் நோன்பை அடுத்து வையுங்கள். கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள், புதுத் துணியில் 21 இழை எடுத்துத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம். வீட்டுக்கு மூத்தவர் கையால் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அந்த வரிசையில் அவள் எங்கே நிற்கிறாள், மூத்தவர் கை அவளிடம் வந்ததும் ஒரு கணம் தயங்குகிறதா, மகள் அதைப் பார்க்கிறாளா, இதை எழுதுங்கள்.

விடுதி பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். ஒரு அறையும் ஒரு அடுப்பும் இருந்தால் பலகாரம் போட்டு விற்கலாம். எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் கல்யாண வீடுகளுக்கு மாவுருண்டையும் மணகோலமும் சீப்புச்சீடையும் போட்டுக்கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதனால்தான் பணியாரத்தை அவ்வளவு நீட்டினேன். நோன்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய மறுநாள் காலையில், அண்ணமிண்டி ஒன்றும் பேசாமல் அரிசி, உளுந்து, புளி, ஒரு உழக்கு எல்லாவற்றையும் அறை வாசலில் வைத்துவிட்டு, "சும்மா கெடந்துச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறட்டும். உழக்கைத் திருப்பிப் பார்த்தால் அண்ணமிண்டி பிறந்த வீட்டு விலாசம் இருக்க வேண்டும்.